விளக்கு வைத்தபின் சொல்லாத பேர்

போன கிழமை மருமகன் தமிழ்ப் பாடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தரம் எட்டு. ‘ஒத்த கருத்துச் சொற்கள் எழுதுக’ என்று பத்துச் சொல் கொடுத்திருந்தார்கள். ஒன்பதை எப்படியோ முடித்துவிட்டான், பத்தாவது பேய். அதற்கும் யாரிடமோ பார்த்து பிசாசு, பூதம், அலகை, கூளி, கழுது என்று ஐந்தை வரிசையாக எழுதி வைத்திருந்தான். பிறகு என்னிடம் எதற்கு வந்தான் என்றால், அவனுக்கு ஒரு கோபம்.

“மாமா, எல்லாம் ஒண்டுதானே, பொறகு என்னத்துக்கு இவ்வளவு பேர்?”

எல்லாம் ஒன்று இல்லை என்று தொடங்கினேன். ஐந்து நிமிடம் கேட்டான், அப்புறம் வயிறு நோகுது என்று போய்விட்டான். சொல்ல வந்தது எனக்குள் அப்படியே நின்றுவிட்டதால் இங்கே எழுதுகிறேன். வயிறு நோகிறவர்கள் இப்போதே போகலாம்.

முதலில் என் பெத்தாவைப் (பாட்டியைப்) பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிக்குக் கொஞ்சம் தள்ளி வாவிக்கரையோடு எங்கள் வளவு. பெத்தா பகலில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது பேய் என்பா. பால் பொங்கி வழிந்தால் ‘பேய்ப்பால்’, கோழி கூட்டுக்குள் வராவிட்டால் ‘பேய்க்கோழி’, நான் சந்திக் கடைக்குப் போய் மிச்சக் காசைத் தொலைத்துவிட்டு வந்தால் ‘பேய்ப்புள்ள’. கோபம்கூட இல்லை, அது ஒரு கொஞ்சல் மாதிரி. ஆனால் பொழுதுபட்டு சாமி படத்துக்கு விளக்கு வைத்துவிட்டாவென்றால் அந்தச் சொல் வாயிலிருந்து வராது. நாங்கள் யாராவது பேய்க்கதை சொல்லத் தொடங்கினால் அகப்பைக்காம்பால் தட்டுவா. “விளக்கு வெச்ச பொறகு அந்தப் பேரச் சொல்லப்படாது மனே.” அப்படியானால் எப்படிச் சொல்வது? ‘அது’. இல்லாவிட்டால் ‘காத்துக் கறுப்பு’. இன்னும் பயம் கூடினால் அதுவும் இல்லை, கையை மட்டும் வேலிப் பக்கம் காட்டுவா.

பகல்பேய்க்கும் இரவுப்பேய்க்கும் அப்படி ஒரு தூரம். மருமகனுக்கு விளங்கவைக்க முயன்றது இதைத்தான்.

பகல்பேயை எடுத்துக்கொள்வோம், அதில்தான் சிரிப்பு அதிகம். நம் ஆட்களின் பேச்சில் பேயன் என்றால் பயங்கரமானவன் இல்லை, மொக்கன். பேய்க்கதை என்றால் பயமூட்டும் கதையாகவும் இருக்கலாம், ‘பேய்க்கதை கதைக்காத’ என்றால் அர்த்தமில்லாத கதை. ஆனால் பேய்க்காய் என்றால் நேர் எதிர், படு சுழியன், எந்தச் சிக்கலிலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறவன். ஒரே சொல்லில் முட்டாளும் இருக்கிறான், கெட்டிக்காரனும் இருக்கிறான். அதற்கும் மேலே பேய்க்காட்டுதல். ஏமாற்றுவதற்கு இதைவிட நல்ல சொல் தமிழில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவதுதானே ஏமாற்று?

ஒருமுறை போன் திருத்தக் கொடுத்த கடையில் பழைய பற்றறியையே துடைத்துப் பூட்டிவிட்டுப் புதுசுக்குக் காசு எடுத்துவிட்டார்கள். அந்த எரிச்சலில் சென்னையில் இருக்கும் கூட்டாளி ஒருவனுக்கு ‘என்னைப் பேய்க்காட்டிப்போட்டான்’ என்று வொய்ஸ் அனுப்பினேன். அவன் உண்மையாகவே கேட்டான்: “எங்க காட்டினான்? கடையிலயா?” அவன் ஊரில் பேய் என்றால் அளவு மீறியது. பேய்மழை, பேய்க்காற்று நமக்கும் உண்டு, ஆனால் ‘பேய் மாதிரி உழைக்கிறான்’ என்று அவன் ஒருவனைப் பாராட்டும்போது என் காதுக்கு அந்த மனிதன் விசரன் (பைத்தியக்காரன்) மாதிரி உழைக்கிறான் என்றுதான் கேட்கிறது. பிறகு அரை மணித்தியாலம் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பற்றறிக் கோபமே ஆறிவிட்டது.

செடிகொடிப் பெயர்களிலும் இந்தப் பேய் நிறைய. பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்கொம்மட்டி, பேயத்தி. வீட்டுப் பந்தலில் காய்ப்பது வெறும் புடல், காட்டு வேலியில் தானாகப் படர்ந்து நாக்கில் வைக்க முடியாத கசப்பாகக் காய்ப்பது பேய்ப்புடல். நாம் சாப்பிட முடியாததைப் பேய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டோம், பெருந்தன்மையான சனம். (கசப்பான அந்தப் பேய்ப்புடலைத்தான் நாட்டு வைத்தியர்கள் காய்ச்சலுக்குத் தேடுவார்கள் என்பது வேறு கதை.) பேய்மிரட்டி என்றொரு செடியும் இருக்கிறது, இலையைக் கசக்கினால் காரமாக மணக்கும். பேயின் பெயரை வைத்தே பேயை மிரட்டுவது.

எனக்குப் பிடித்தது பேய்த்தேர். கானலுக்குப் பழைய பெயர். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் உச்சி வெயிலுக்கு மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும், தூரத்தில் தார் ரோட்டில் தண்ணீர் நெளிகிற மாதிரி இருக்கும், அதற்குள் எதிரே வருகிற பஸ் சக்கரம் இல்லாமல் மிதந்துகொண்டு வரும். கிட்டப் போனால் ஒன்றும் இல்லை. கானல் என்று சொல்லும்போது வெப்பம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. பேய்த்தேர் என்று சொன்னவன் அந்த மிதப்பைப் பார்த்திருக்கிறான்.

சரி, இந்தச் சொல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது? அச்சம்தான். தொல்காப்பியத்து உரியியலில் பேம், நாம், உரும் மூன்றுக்கும் அச்சம் என்றே பொருள் சொல்லியிருக்கிறது. பேம் என்றால் பயம், பேயும் அதற்குப் பக்கத்து வீடு. எனக்குத் தோன்றுவது, முதலில் உருவம் வரவில்லை, முதலில் பயம்தான் வந்தது, பிறகுதான் அதற்குப் பல்லும் தலைமயிரும் வைத்தார்கள். எங்கள் பெத்தாவின் ‘அது’வுக்கும் பல் இல்லை, மயிர் இல்லை. அந்த வகையில் பெத்தா தொல்காப்பியர் காலத்து ஆள்.

அதே நூல் மெய்ப்பாட்டியலில் அச்சம் எதிலிருந்து வரும் என்று நான்கு சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்றால் வருத்துகிற தெய்வம் அல்லது ஆவி. இன்று அதைக் கவிதையில் அழகிக்குச் சொல்கிறோம், வள்ளுவரே ஒரு பெண்ணைப் பார்த்து அணங்கா, மயிலா என்று தடுமாறுகிறவனைக் காட்டுகிறார். விலங்கும் கள்வரும் விளங்கும். நான்காவது, தம் இறை, அரசன். அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

இனி மருமகனின் பட்டியலுக்கு வருகிறேன். கழுது. இதைப் பேய் என்று மட்டும் எழுதினால் பாதிதான். சங்கப் பாட்டில் ஊர் அடங்கிய நடுச்சாமத்தில் நடமாடுவது கழுது. அதே கழுது, தினைப்புனம் காக்கிறவன் ஏறி இருக்கும் பரணும்தான். இரண்டும் ஒரே சொல். எப்படி என்று அகராதியைக் கேட்டால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். எனக்கு இதில் மொழி ஆராய்ச்சி இல்லை, ஆனால் ஒரு இரவு இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரியப்பாவின் வயல். பன்னிரண்டு வயதில் ஒருமுறை காவலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வட்டை என்கிற வயல்வெளியின் ஓரத்து மரத்தில் பரண், ஏணி என்று பேருக்கு இரண்டு கம்பு, மேலே வைக்கோல், ஒரு ரோச் லைட், நாலைந்து யானை வெடி. வேளாண்மை குடலைப் பருவம், கதிர் வெளிவரப் போகிற நேரம். நிலவு இல்லை. பக்கத்து வட்டைப் பரணில் யாரோ ஒருவர் யானைக்குக் கேட்கட்டும் என்று ‘ஓஓய்’ என்று நீட்டிக் கூப்பிட்டார், இருட்டுக்குள் ஆள் தெரியவில்லை, நிலத்தில் இருந்தும் வரவில்லை, வானத்தில் இருந்தும் வரவில்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்து அந்தக் குரல் மட்டும். நான் பெரியப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டேன். வருடங்கள் கழித்து கழுதுக்கு இரண்டு பொருள் என்று படித்தபோது எனக்குக் குழப்பம் வரவே இல்லை.

பெரியப்பாவிடம் இன்னொன்றும் படித்தேன். இப்போது மெசின் வந்து வெட்டும்போதே அடித்துச் சாக்கில் கொட்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் சூடு வைத்து (வெட்டிய கதிரைக் குவித்து), களம் போட்டு, மாட்டை வளைத்து அடிப்பார்கள். களத்துக்குள் இறங்கினால் வாய் மாறிவிடுமாம். நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி. கடகத்தைக் கடகம் என்று கேட்கக்கூடாது, பெருவாயன். ஏனென்றால் பூதம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்கும், நெல் என்ற சத்தம் கேட்டால் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதாவது பூதம் தமிழ் தெரிந்தது, ஆனால் ஒத்த கருத்துச் சொல் தெரியாதது. இதைச் சொன்னபோதுதான் மருமகன் ஒரே ஒரு தடவை சிரித்தான். “அப்ப பூதமும் தரம் எட்டுத்தான்.”

பெத்தா இரவில் பேயைப் பேய் என்று சொல்லாததும், இரவில் பாம்பைப் பூச்சி என்பதும், கொப்புளிப்பான் போட்டால் அம்மாள் வந்திருக்கிறா என்பதும், களத்தில் நெல் பொலியாவதும் எல்லாம் ஒரே கணக்கு. ஒத்த கருத்துச் சொற்களை நாங்கள் புலமை காட்டுவதற்காக மட்டும் செய்யவில்லை. பாதியைப் பயத்தில் செய்திருக்கிறோம். நிகண்டுகளிலும் அகராதியிலும் பேய்க்குக் குணங்கு, மண்ணை, சோகு, கடி என்று இன்னும் போகிறது. அதில் எத்தனை, விளக்கு வைத்த பிறகு யாரோ ஒரு பெத்தா அசல் பேரை விழுங்கிவிட்டுச் சொன்னதோ.

அலகை செத்த சொல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகம் உண்டென்பதை இல்லை என்கிறவன் அலகையாக வைத்து எண்ணப்படுவான் என்ற குறளோடு அதன் கதை முடிந்தது என்று. பிறகு ஒருநாள் புளியந்தீவில் கூட்டாளி ஒருவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பூசை தொடங்க நேரம் இருந்தது, வாங்கில் கிடந்த பைபிளை எடுத்துப் புரட்டினால் இயேசுவைச் சோதிக்கிறது அலகை! கத்தோலிக்கர் பாவிக்கும் 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அப்படித்தான். பழைய புரட்டஸ்தாந்து பைபிளில் அதே இடத்தில் பிசாசு. ஒரே ஊரில் ஒரு கோவிலில் அலகை, அடுத்த ரோட்டில் பிசாசு. முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கோ சாய்ந்தமருதுக்கோ போனால் ஷைத்தான், ஜின். அதிலும் ஜின்னைப் பேய் என்று மொழிபெயர்த்தால் அங்கே ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஜின்னில் நல்லதும் உண்டு, தொழுகிறதும் உண்டு.

அம்பாறைப் பக்கம் போனால் சிங்களத்தில் யக்கா. அது வடமொழி யட்சன், நமக்கு இயக்கன், இயக்கி. தென்தமிழ்நாட்டில் அதே இயக்கிதான் இசக்கியம்மனாகி வரம் கொடுக்கிறாள். எங்கள் பக்கத்தில் பேய்ச்சியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறோமே, அதே மாதிரி. பயந்ததைக் கும்பிட்டால் அது நம் பக்கத்து ஆளாகிவிடும் என்ற நம்பிக்கை. காரைக்காலம்மையார் தன்னையே காரைக்காற்பேய் என்று சொல்லிக்கொண்டது இன்னும் ஒரு படி மேலே.

பிரேதம் என்ற சொல்தான் என்னை ஒருமுறை மாட்டிவிட்டது. தமிழில் பிரேதம் என்றால் சவம், பிரேத பரிசோதனை என்று தினமும் பேப்பரில் வாசிக்கிறோம். சிங்களத்தில் பெரேதயா என்றால் பசியோடு அலைகிற ஆவி. அம்பாறையில் வேலை செய்த காலத்தில் பக்கத்து மேசை அண்ணர் ஒருவர், சாப்பாட்டைக் கண்டால் விடாத இன்னொருவரைச் சிங்களத்தில் அப்படிச் சொல்ல, நான் அரைகுறைச் சிங்களத்தில் அந்த மனிதர் செத்துவிட்டார் என்று நினைத்து எழும்பி நின்றுவிட்டேன்.

முனி பற்றி ஒரு வரி. புத்தகத்தில் முனிவர் தாடியோடு தவம் செய்வார். ஊரில் முனி ஒரு மரத்தின் உயரம், உச்சிப்பொழுதில் ஆலமரத்தடியால் போனால் அடிக்கும். முனிதல் என்றால் கோபித்தல், ஆகவே எந்த முனி சரி என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்போது பூதம். பேயும் பூதமும் ஒன்றா என்று கேட்டால் 2011 ஓகஸ்ட் மாதத்தைச் சொல்வேன். கிறீஸ் பூதம். மட்டக்களப்பு, அம்பாறை, பொத்துவில், அங்கால புத்தளம் வரைக்கும் அந்த ஒரு மாதம் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வருகிறதாம், பொம்பிளைகள் தனியே இருக்கிற வீடாகப் பார்த்து வருகிறதாம், காலில் ஸ்பிரிங் பூட்டிக் கூரைக்குக் கூரை பாய்கிறதாம். சிங்களத்தில் கிறீஸ் யக்கா. பேப்பர்கள் மரியாதையாக மர்ம மனிதன் என்று எழுதின. எங்கள் ஊரில் பூதம் என்றார்கள், அந்தச் சொல்தான் நிலைத்தது. ஏன் பேய் என்ற சொல் ஒட்டவில்லை? பேய்க்கு உடம்பு இல்லை, கால் நிலத்தில் படாது, அதைக் கம்பால் அடிக்க முடியாது. பூதத்துக்கு உடம்பு உண்டு, பாரம் உண்டு, கையால் பிடிக்கலாம். பிடித்தால் வழுக்கும், அதற்குத்தான் கிறீஸ். முன்னாட்களில் கள்வர் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு களவுக்குப் போவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதன் பேரப்பிள்ளை இது. எந்தச் சொல்லைப் பாவிப்பது என்று ஒருவரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. சனத்துக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஏழெட்டு வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரு வீட்டுக்குள் படுத்தார்கள், ஆம்பிளைகள் சந்தியில் கம்பும் ரோச்சுமாக. ஒரு இரவு, மணி இரண்டு இருக்கும், கிடுகு வேலிக்குப் பின்னால் சரசர என்று சத்தம். பிறகு பொத்தென்று ஏதோ விழுந்தது. “அந்தா, பாய்ஞ்சிட்டு!” இருபது பேர் ஒரே ஓட்டம், ஒருவருக்குச் சாரம் வேலியில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது, ஆள் மட்டும் ஓடுகிறார். வளைத்துப் பிடித்து ரோச் அடித்தால், பப்பாசி மரத்தடியில் ஒரு மரநாய், வாயெல்லாம் பழம், எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு எங்களைப் பார்த்துப் பயம் வந்த மாதிரித் தெரியவில்லை.

அணங்கு என்று பயந்தோம், கள்வன் என்றார்கள், இதற்குப் பின்னால் இறைதான் இருக்கிறது என்று சந்தியில் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள், கடைசியில் கையில் அகப்பட்டது விலங்கு. தொல்காப்பியர் சொன்ன நான்கும் ஒரே இரவில்.

மருமகனின் பட்டியலில் இல்லாத இன்னொன்று கொத்தி. பிள்ளைப்பேறு நடக்கிற வீட்டைச் சுற்றும் என்பார்கள். தங்கச்சிக்குக் குழந்தை கிடைக்க இருந்த நேரம் பெத்தா கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய வெட்டுக்கத்தியை வைத்துவிட்டா, ஒன்றுக்கும் விளக்கம் சொல்லவில்லை. அந்தக் குழந்தைதான் இன்றைக்குக் கொப்பியோடு வந்து எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கிறது.

கடைசியாக ஒன்று, இதை அவனிடம் சொல்லவில்லை. எங்கள் மாமி ஒருவர் நாவலடியில் இருந்தவர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுக்கமாய் ஒரு மணல் துண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் அங்கே என்ன நடந்தது என்று மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுனாமி என்ற சொல்லே அன்று எங்களுக்குத் தெரியாது, ‘கடல் வருகுது’ என்றுதான் கத்திக்கொண்டு ஓடினார்கள். மாமி தப்பினா, வீட்டில் மூன்று பேர் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வளவில் வந்து கொஞ்சக் காலம் இருந்தா. சில இரவுகளில் எழும்பி வாசலில் வந்து இருப்பா. என்ன மாமி என்று கேட்டால், “வாவிப் பக்கம் ஆக்கள் கதைக்கிற சத்தம் கேக்குது.”

நான் அப்போது பொடியன், வாய் சும்மா இருக்காது. “பேயா மாமி?” என்று கேட்டுவிட்டேன். விளக்கு வைத்து வெகுநேரம். பெத்தா அடிக்க வருவா என்று திரும்பிப் பார்த்தேன், அவ திண்ணையில் அப்படியே இருந்தா.

மாமிதான் சொன்னா, கோபமே இல்லாமல்: “சீ, என்ன கத கதைக்கிறாய். அது நம்மட ஆக்கள் மனே.”